ட்ரீம்காஸ்ட் ஜிடி-ராம் டிரைவ்: ப்ரீசெட்டைத் தொடுமுன் வேகத்தை அளந்த பதிவு

சேகாவின் ட்ரீம்காஸ்ட் விளையாட்டுக் கன்சோலில் டிஸ்க்கைப் படிக்கும் டிரைவ் பழுதாகி வந்த நிலை இது. ஆடியோ சிடி தடையில்லாமல் பாடும். விளையாட்டு டிஸ்க்கைப் போட்டால் சில சமயம் லோகோ வரும். பல சமயம் கன்சோல் அதையும் ஆடியோ சிடி என்றே நினைத்து மியூசிக் பிளேயரைத் திறந்துவிடும். லோகோவைத் தாண்டினாலும் லோடிங் திரையில் மாட்டிக்கொள்ளும். ட்ரீம்காஸ்ட்டில் அடிக்கடி பார்க்கும் கோளாறுதான். பிக்கப்பில் (லேசரும் லென்ஸும் சேர்ந்த படிக்கும் பகுதி) இருக்கும் ப்ரீசெட்டை, அதாவது லேசரின் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு திருகு மின்தடையை, கொஞ்சம் திருப்பிவிடுவதுதான் வழக்கமான வைத்தியம். அது லேசரின் ஆயுளைக் கடன் வாங்கிச் செய்யும் வேலை. அதனால் இந்த முறை ப்ரீசெட்டைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, ஒவ்வொரு வேலை முடிந்ததும் டிஸ்க்கின் எந்த இடத்தில் எவ்வளவு வேகமாகப் படிக்கிறது என்று அளந்துகொண்டே போனேன். அந்த அளவுகள்தான் இந்தப் பதிவு.

எதை அளக்கிறோம்

ட்ரீம்காஸ்ட் விளையாட்டுகள் வரும் டிஸ்க்தான் ஜிடி-ராம். அதில் இரண்டு பகுதிகள் உண்டு. உட்பக்கம் சாதாரண சிடி அடர்த்தியில் சுமார் 4 நிமிட அளவு, அதாவது 35 எம்.பி. வரை. ஆடியோ பிளேயரில் போட்டால் ஒலிக்கும் எச்சரிக்கைக் குரல் அங்கேதான் இருக்கிறது. அதற்கு வெளியே கண்ணுக்கே தெரியும் ஒரு வளையம். அதையும் தாண்டினால்தான் அதிக அடர்த்திப் பகுதி. விளையாட்டு முழுவதும் அங்கே இருக்கிறது. அந்தப் பகுதி எல்பிஏ (செக்டரின் வரிசை எண்) 45000-ல் தொடங்கி 549150-ல் முடிகிறது. 5,04,150 செக்டர்கள், செக்டருக்கு 2048 பைட். மொத்தம் 103 கோடி பைட்டுக்குச் சற்று மேல். 1024-ஆல் வகுத்துக் கணக்கிட்டால் 984 எம்.பி. '1 ஜிபி டிஸ்க்' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

டிவிடி 650 நானோமீட்டர் சிவப்பு லேசருக்கு மாறி 4.7 ஜிபி வாங்கியது. ஜிடி-ராம் சிடியின் 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரையே வைத்துக்கொண்டு குழிகளை நெருக்கி அடுக்கியது. ஆகவே இந்தப் பகுதியைப் படிக்கும்போது டிரைவுக்குக் கையிருப்பு மிகக் குறைவு. லேசர் சற்றுத் தளர்ந்தாலும், லென்ஸில் லேசான படலம் படிந்தாலும் சிடி அடர்த்திப் பகுதி வழக்கம்போல ஓடும். அடர்த்திப் பகுதி முதலில் விழும். கன்சோல் விளையாட்டை ஆடியோ சிடியாகப் பார்ப்பதன் காரணம் இதுதான். அதன் கண்ணுக்கு உட்பகுதி மட்டுமே தெரிகிறது.

வேகத்துக்கு வருவோம். சிடி கணக்கில் 1எக்ஸ் என்றால் நொடிக்கு 75 செக்டர், 150 கே.பி. ட்ரீம்காஸ்ட் டிரைவ் அதிகபட்சம் 12எக்ஸ்: நொடிக்கு 900 செக்டர், 1800 கே.பி. ஆனால் இது டிஸ்க்கை ஒரே சுழல் வேகத்தில் சுற்றும் டிரைவ். லென்ஸ் வெளிவிளிம்பில் இருக்கும்போதுதான் 12எக்ஸ் கிடைக்கும். அடர்த்திப் பகுதியின் உள் ஓரத்தில் ஏறத்தாழ அதில் பாதி. நடு எல்பிஏ-வில் 9எக்ஸ் வரும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். வராது, 9.5எக்ஸ் வரும். வெளிச்சுற்றுகளில் ஒரு சுற்றுக்கு அதிக செக்டர்கள் இருப்பதால், எண்ணிக்கையில் பாதியைத் தாண்டும்போதே லென்ஸ் வெளிப்பக்கம் வெகுதூரம் போயிருக்கும். இது தெரியாமல் அளந்தால் நல்ல டிரைவின் நடுப்பகுதி எண்ணைப் பார்த்துக் குழம்ப நேரிடும்.

அளக்கும் முறை

ட்ரீம்காஸ்ட்டுக்கு நிரல் எழுத உதவும் காலிஸ்டிஓஎஸ் நூலகத்தை வைத்து ஒரு சிறிய நிரல் போதும். செக்டர்களைப் படிக்கும் ஃபங்ஷன், மில்லிசெகண்ட் கடிகாரம், திரையில் எண் காட்ட ஒரு வரி, அவ்வளவுதான். 1024 செக்டர், அதாவது 2 எம்.பி.யை ஒரு துண்டாக எடுத்துக்கொண்டேன். மெயின் ரேம் 16 எம்.பி., அதனால் இடப்பிரச்சினை இல்லை. டிஎம்ஏ முறையில் (பிராசஸர் தலையிடாமல் தரவு நேராக ரேமுக்குப் போகும் முறை) படித்தால் பஃபர் 32 பைட் எல்லையில் தொடங்கவேண்டும். இல்லாவிட்டால் படிப்பு தோற்கும், டிரைவ்மேல் வீண் சந்தேகம் வரும்.

நிரலை சிடி-ஆரில் எழுதி பூட் செய்து, மூடியைத் திறந்து ஜிடி-ராமை மாற்றி, டிரைவை மறுபடி இனிஷியலைஸ் செய்யவேண்டும். சிடி-ஆரில் பூட் ஆகும் வசதி 2000 இறுதிக்குப் பின் வந்த சில கன்சோல்களில் எடுக்கப்பட்டுவிட்டது. அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் வட்டத்துக்குள் 2 என்றிருந்தால் அந்தச் சிக்கல் வரக்கூடும்.

இனி டிஸ்க் தேர்வு. அடர்த்திப் பகுதியில் ஆடியோ டிராக்குகள் உள்ள விளையாட்டுகள் இதற்கு ஆகாது. அவற்றை 2048 பைட் தரவாகப் படிக்க முடியாது, பிழைதான் வரும். மொத்தம் மூன்றே டிராக் இருக்கிற டிஸ்க் வேண்டும். அதில் மூன்றாவது டிராக் 45000-லிருந்து கடைசிவரை ஒரே தரவாக ஓடும். கீறல் இல்லாத ஒன்றை எடுத்து, வேலை முடியும்வரை அதையே பயன்படுத்தவேண்டும். இடையில் டிஸ்க்கை மாற்றினால் ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது.

ஒவ்வோர் இடத்திலும் முதல் துண்டின் நேரத்தைத் தள்ளிவிட்டேன், லென்ஸ் அங்கே போய்ச் சேரும் நேரமும் அதில் கலந்திருக்கும். அடுத்த நான்கு துண்டுகளின் நேரத்தைத் தனித்தனியாகக் குறித்தேன். சராசரி மட்டும் எடுப்பது தப்பு. மூன்று துண்டு சரியாக வந்து ஒன்று மட்டும் மூன்று மடங்கு நேரம் எடுத்தால் அது ஒரு கோளாறு; நான்கும் ஒரே அளவு மெதுவாக இருந்தால் வேறொரு கோளாறு. சராசரியில் இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

ஆரோக்கியமான டிரைவுக்குக் கணக்குப்படி வரவேண்டியவை: 45000 அருகில் துண்டுக்கு 2.2 முதல் 2.3 நொடி, 297000 அருகில் 1.4 நொடி, 548000 அருகில் 1.15 நொடி. நிரலின் மேற்செலவு சேர்ந்து சற்றுக் கூடினால் கவலையில்லை.

இந்த டிரைவில் வந்தவை வேறு. உள் ஓரத்தில் 5 முதல் 9 நொடிவரை தாறுமாறு, பல துண்டுகள் பிழையோடு நின்றன. நடுவில் 1.5 நொடி, ஆனால் 200000-ஐ ஒட்டிய இடத்தில் மட்டும் எப்போதும் ஒரு துண்டு 4 நொடியைத் தாண்டும். வெளிவிளிம்பில் 1.2, 1.2, 1.2, பிறகு திடீரென்று 6. அந்தத் திடீர் தாவல் ஒவ்வொரு ஓட்டத்திலும் இடம் மாறியது. ஆக ஒரே டிரைவில் மூன்று விதமான நோய்க்குறி. ப்ரீசெட்டை மட்டும் திருப்பியிருந்தால் மூன்றும் ஒரு பூச்சுக்குள் மறைந்துபோயிருக்கும்.

பிரிப்பது

மின்கம்பியை உருவி, சற்று நேரம் விட்டுவிடவேண்டும். பக்கவாட்டில் உள்ள மோடத்தைக் கழற்றினால் அதன் அடியில் ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். மற்ற மூன்றும் வெளியே தெரிபவை. நான்குக்கும் சாதாரண பிலிப்ஸ் தலைதான். மேல்மூடி தூக்கியதும் வலது இடது பார்க்காமல் விரல் வைக்கக்கூடாது. பவர் சப்ளை போர்டு உறையில்லாமல் திறந்தே கிடக்கும், அதன் பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் மிஞ்சியிருக்கலாம்.

டிரைவ் மூன்று ஸ்க்ரூவில் நிற்கிறது. கேபிள் கிடையாது; அடியில் இருக்கும் கனெக்டர் நேராக மதர்போர்டில் செருகியிருக்கிறது. சாய்த்துப் பிடுங்காமல், கனெக்டர் இருக்கும் மூலையைப் பிடித்துச் செங்குத்தாகத் தூக்கவேண்டும். கண்ட்ரோலர் போர்டின் ரிப்பனைத் தொடவேண்டிய அவசியம் இந்த வேலையில் இல்லை. மின்சாரம் இருக்கும்போது அதை அசைத்தால் எஃப்1 ஃபியூஸ் போய், கண்ட்ரோலர்கள் எதுவும் வேலை செய்யாமல் போகும். அது தனி வேலையாகிவிடும்.

முதலில் லென்ஸ்

கண்ணுக்கு முன் இருப்பது அதுதான், அங்கிருந்தே தொடங்கினேன். 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், பஞ்சு சுற்றிய குச்சி. குச்சி ஈரமாக இருந்தால் போதும், சொட்டக்கூடாது. சொட்டினால் லென்ஸுக்குக் கீழே இறங்கிக் காயும்போது கறை விடும். நடுவிலிருந்து வெளியே ஒரு சுற்று, குச்சியைத் திருப்பி உலர்ந்த பக்கத்தால் இன்னொரு சுற்று. அழுத்தத் தேவையே இல்லை, லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது.

பலன் கொஞ்சம்தான். உள் ஓரத்தில் 5 முதல் 9 நொடி என்றிருந்தது 4 முதல் 7 ஆனது. 200000-ன் தடங்கலும் வெளிவிளிம்பின் தாவலும் அப்படியே இருந்தன. பல டிரைவ்களில் தூசு லென்ஸுக்கு அடியில் உள்ள கண்ணாடியில் படிந்திருக்கும், மேலே எவ்வளவு துடைத்தாலும் அது போகாது. ரப்பர் ஊதியால் பக்கவாட்டில் ஊதிப் பார்த்தேன். அளவில் தெரியும்படி மாற்றம் இல்லை.

பவர் சப்ளை பின்கள்

இடம் மாறிக்கொண்டே இருந்த தாவலுக்கு டிஸ்க்கோ தண்டவாளமோ காரணமாக இருக்க முடியாது. டிஸ்க்கில் குறை என்றால் ஒரே எல்பிஏ-வில் வரவேண்டும். ஓடுபாதையில் குறை என்றால் ஒரே ஆரத்தில் வரவேண்டும். எங்கும் வருகிறது என்றால் மின்சாரத்தைப் பார்க்கவேண்டும்.

ட்ரீம்காஸ்ட்டின் பவர் சப்ளை போர்டு மதர்போர்டில் இருந்து எழும் ஆறு பின்களின்மேல் உட்கார்ந்திருக்கிறது, 3.3, 5, 12 வோல்ட்டும் எர்த்தும் அவற்றின் வழியாகத்தான் வருகின்றன. ஆண்டுக்கணக்கில் சூடாகி ஆறி இவற்றின் மேல் கறுப்புப் படலம் ஏறிவிடும். டிஸ்க்கைச் சுழற்றும் ஸ்பிண்டில் மோட்டார் வேகமெடுக்கும்போதும் லென்ஸ் வேகமாக இடம் மாறும்போதும் மின்னோட்டம் கூடும், அந்தப் படலத்தில் வோல்டேஜ் சரியும். மோசமாக இருந்தால் விளையாட்டின் நடுவில் கன்சோல் மெனுவுக்குத் திரும்பிவிடும். லேசாக இருந்தால் டிரைவ் பிடியை இழந்து மறுபடி படிக்கும், அளவில் ஒரு தாவலாக மட்டும் தெரியும்.

போர்டைத் தூக்கி, ஒவ்வொரு பின்னையும் ஆல்கஹாலில் நனைத்த துணியால் பளபளப்பு வரும்வரை தேய்க்கவேண்டும். பிடிவாதமான இடத்தில் 2000 கிரிட் காகிதம் இரண்டு இழுப்பு. அதற்கு மேல் போனால் மேல்பூச்சு கரைந்து, அடுத்த முறை இன்னும் சீக்கிரம் கறுக்கும். பின்களை மயிரிழை அளவு ஒரே பக்கமாகச் சாய்த்துவிட்டால் சாக்கெட் இறுகப் பிடிக்கும். சாக்கெட்டுக்குள் ஆல்கஹால் விட்டு, போர்டை ஏற்றி இறக்கி நான்கைந்து முறை தேயவிட்டேன். முழுக்கக் காய்ந்த பிறகே மின்சாரம்.

வெளிவிளிம்பின் தாவல் அதோடு போய்விட்டது. நான்கு துண்டும் 1.2.

தண்டவாளமும் திருகுத் தண்டும்

200000-ன் தடங்கல் இடம் மாறாதது, வேறு டிஸ்க் போட்டாலும் அதே ஆரத்தில் வருவது. டிரைவைக் கவிழ்த்து, பிக்கப் நகரும் கம்பிகளையும் அதை நகர்த்தும் திருகுத் தண்டையும் பார்த்தால் காரணம் தெரிந்தது: பழைய கிரீஸ் தேன் நிறத்தில் கெட்டிப்பட்டு, ஓர் இடத்தில் மேடாகக் குவிந்திருந்தது. பிக்கப் அந்த மேட்டில் ஏறும்போது தாமதமாக நகர்கிறது, லென்ஸ் தன் எல்லைவரை சாய்ந்து தடத்தைத் தேடுகிறது, பிறகு பிடி நழுவுகிறது.

மேலே புதிய கிரீஸ் போடுவது பயனற்றது. பழையதை முழுக்க எடுக்கவேண்டும். திருகுத் தண்டின் பள்ளங்களில் கெட்டியானது மரக் குச்சியின் கூர்முனையால்தான் வரும், உலோகம் வேண்டாம். எடுத்த பிறகு பிளாஸ்டிக்கைத் தின்னாத சிலிகான் கிரீஸ், கம்பிக்கு ஒரு கடுகு அளவு, தண்டுக்கு இன்னொரு கடுகு. பிக்கப்பை முனைக்கு முனை ஓடவிட்டு, வழிந்ததைத் துடைக்கவேண்டும். கிரீஸ் அதிகமானால் லென்ஸ்மேல் தெறிக்கும். மெல்லிய மெஷின் எண்ணெய் ஓடிப் பரவும், வேண்டாம்.

அளவு: 200000-ல் 1.65, 1.65, 1.7, 1.65. கணக்குப்படி வரவேண்டியதற்கு வெகு அருகில்.

மிஞ்சியது உள் ஓரம்

இப்போது ஒரே குறைதான் பாக்கி: 45000 அருகில் 3.5 முதல் 5 நொடி, நான்கு துண்டும் ஒரே போக்கில் மெதுவாக. தாவல் இல்லை, இடம் சார்ந்த தடங்கலும் இல்லை. டிரைவ் சளைக்காமல் மறுபடி மறுபடி படித்துத் தேறுகிறது. சிக்னல் பலவீனம் என்பதன் அடையாளம் இது. ப்ரீசெட்டின் முறை இங்கேதான் வருகிறது.

முதலில் ப்ரீசெட்டின் தற்போதைய நிலையைக் கூரான மார்க்கரால் குறித்தேன். பிறகு மின்சாரம் இல்லாமல் மல்டிமீட்டரை அதன் இரு முனையில் வைத்து ஓம் அளவைக் குறித்துக்கொண்டேன். இது சர்க்யூட்டுக்குள் இருந்தபடி அளப்பது. உண்மை மதிப்பு இல்லை, முன்னும் பின்னும் ஒப்பிட மட்டுமே. 'இத்தனை ஓம் வை' என்று எங்காவது பார்த்த எண்ணைப் பின்பற்றக்கூடாது. ஒவ்வொரு பிக்கப்பும் தொழிற்சாலையில் தனித்தனியாகச் சரிசெய்யப்பட்டது, ஒன்றின் எண் இன்னொன்றின் லேசரை எரித்துவிடும்.

ஓம் குறைந்தால் லேசர் மின்னோட்டம் கூடுவது பெரும்பாலான பிக்கப்புகளின் வழக்கம். தொடக்க அளவில் 3 சதவீதம் குறைத்தேன், 2.8 நொடி வந்தது. இன்னும் 2 சதவீதம், 2.35. அதற்கு மேல் குறைத்துப் பார்ப்பதில் லாபம் இல்லை. நல்ல டிரைவே 2.3-ஐத் தாண்டி வேகமாகப் படிக்காது, சுழல் வேகம் அதைத் தீர்மானித்துவிட்டது. கூட்டிய மின்னோட்டம் லேசரைத் தேய்க்க மட்டும் உதவும். எதுவரை திருப்பவேண்டும், எங்கே நிறுத்தவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எல்லை வேறு கிடைக்காது. 'விளையாட்டு ஓடுகிறதா' என்று பார்த்துத் திருப்புபவர்கள் பெரும்பாலும் தேவைக்கு மேல் போய்விடுகிறார்கள்.

கடைசியாக 45000-லிருந்து 549149 வரை ஒரே மூச்சில் முழு ஓட்டம். 6எக்ஸ் முதல் 12எக்ஸ் வரை ஏறும் டிரைவின் நேரச் சராசரி 9எக்ஸ், நொடிக்கு 675 செக்டர். கணக்கில் பன்னிரண்டரை நிமிடம். கிடைத்தது பதினான்குக்குள், ஒரு பிழையும் இல்லை. விளையாட்டு டிஸ்க்கைப் போட்டால் மியூசிக் பிளேயர் திறப்பதும் நின்றது.

வேறு கன்சோல்களில் இதே அளவை

முறை ஒன்றுதான், எதிர்பார்க்கவேண்டிய வளைவு மாறும். முதல் ப்ளேஸ்டேஷன் 2எக்ஸ், லென்ஸைக் கடந்து ஓடும் தடத்தின் நேர்வேகம் மாறாத வகை. அதில் 1024 செக்டர் டிஸ்க்கின் எந்த மூலையிலும் 6.8 நொடி. ஏறுமுகம் தெரிந்தால்தான் சந்தேகப்படவேண்டும். கேம்க்யூப் 1.46 ஜிபி கொண்ட 8 சென்டிமீட்டர் டிஸ்க், மாறாத சுழல் வேகம்; நொடிக்கு 2 எம்.பி.யில் தொடங்கி 3.125-ல் முடியும். ட்ரீம்காஸ்ட் அளவுக்கு இரட்டிப்பாகாததற்குக் காரணம் டிஸ்க் சின்னது, உள் ஆரத்துக்கும் வெளி ஆரத்துக்கும் வித்தியாசம் குறைவு. எக்ஸ்பாக்ஸ் 360-ன் இரட்டை அடுக்கு டிவிடியில் இரண்டாம் அடுக்கு வெளியிலிருந்து உள்ளே வரும், எனவே வளைவு ஏறி நடுவில் உச்சம் தொட்டு இறங்கும். அந்த உச்சியில் மட்டும் தடுமாறினால் அடுக்கு மாறும்போது ஃபோகஸ் பிடிக்கவில்லை என்று பொருள்.

வேகத்தை ரேமோடு சேர்த்துப் பார்த்தால் இன்னொன்று புரியும். முதல் ப்ளேஸ்டேஷனின் 2 எம்.பி. ரேமை 300 கே.பி. வேகத்தில் நிரப்ப 7 நொடி. ட்ரீம்காஸ்ட்டின் 16 எம்.பி.க்கு வெளிவிளிம்பில் 9 நொடி, உள் ஓரத்தில் 18. விளையாட்டுத் தரவை வெளிவிளிம்புக்குத் தள்ளி, உட்பக்கத்தை வெற்றுத் தரவால் நிரப்பி வைத்தது இதற்காகத்தான். ப்ளேஸ்டேஷன் 3-ல் 512 எம்.பி. ரேம், 2எக்ஸ் ப்ளூரே நொடிக்கு 9 எம்.பி.; கிட்டத்தட்ட ஒரு நிமிடம். ப்ளேஸ்டேஷன் 4-ல் 8 ஜிபி, 6எக்ஸ் டிரைவ் 27 எம்.பி.; ஐந்து நிமிடம். கொள்ளளவு 50 ஜிபிக்குப் போனது, வேகம் அந்த அளவுக்கு ஓடிவரவில்லை. அங்கே டிரைவின் வேலை ஹார்ட் டிஸ்க்குக்குப் பிரதி எடுப்பதோடு முடிந்தது. பழைய டிரைவ்களுக்குத்தான் வெளிவிளிம்பின் ஒவ்வோர் எக்ஸும் முக்கியம்.

அடுத்த டிரைவுக்கு

வரிசை மாறும்: பவர் பின்கள், பிறகு கிரீஸ், பிறகு லென்ஸ், அப்புறம்தான் ப்ரீசெட். பின்களைச் சுத்தம் செய்வதற்கு முன் எடுத்த அளவுகளில் தாவல் கலந்திருப்பதால் மற்றவற்றைப் படிப்பது கடினம். உதிரிபாகம் எதுவும் வாங்கவில்லை. செலவானது ஆல்கஹால், கிரீஸ், பஞ்சுக் குச்சி மட்டும். நேரத்தில் பெரும்பகுதி திருகுத் தண்டின் பள்ளங்களைச் சுரண்டுவதில் போனது. அளக்கும் இடங்களை மூன்றிலிருந்து பத்தாக்கினால் கிரீஸ் மேடு இன்னும் சீக்கிரம் அகப்படும்.

ப்ரீசெட்டின் பழைய ஓம், புதிய ஓம், தேதி மூன்றையும் ஒரு டேப்பில் எழுதி டிரைவின் அடிப்பக்கம் ஒட்டியாயிற்று. உள் ஓரத்து நேரம் மறுபடி 3 நொடியைத் தாண்டினால், லென்ஸைத் துடைத்த பிறகும் இறங்காவிட்டால், இன்னொரு 5 சதவீதம் திருப்பப்போவதில்லை, பிக்கப்பையே மாற்றவேண்டும்.